கூடி எரிந்த விளக்கும் அணைக்காத கற்பூரமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் மனம் இழுபட்டது. கடதாசியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், திரும்ப மடித்து வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்தில் பிழை வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், இதில் வருகிறவர்கள் எல்லாரும் இன்றைக்கும் என் கண்முன்னால் நடமாடுகிறார்கள் என்பது. ஒருவர் என் கணவர். மற்றவர் என் தங்கச்சியின் கணவர். எங்கள் ஊர்த் தெய்வம் கண்ணகி அம்மாளைப் பற்றியும் எழுதவேண்டிவரும். அதில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பாவம் எனக்குத்தான்.

போன மாதம் தங்கச்சியின் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். வந்தவர்களில் ஒரு மனுசி தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "கரண்ட் களவெடுத்து அம்மன் கோயில் வரைக்கும் போன வீடு இதுதானா புள்ள?" என்று மெல்லக் கேட்டாள். அன்றைக்கே கடதாசியை எடுத்துவிட்டேன். இந்தமுறை மடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான். ஆண்கள் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டித்தந்துவிட்டுக் கண்ணை மூடினார். வாவிக்கரைக்குப் போகிற ஒழுங்கையில் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையவை. அதற்கு அங்கால் சதுப்பில் வளர்கிற கண்ணாப் பற்றையும் தண்ணீரும்தான். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரே கிணறு. இடையில் தென்னோலை பின்னின கிடுகு வேலி, கிணற்றடியில் மட்டும் வேலி இல்லை. அந்த இடைவெளியால்தான் கறிக்கோப்பையும் பிள்ளைகளும் கதையும் போய்வந்துகொண்டிருந்தன.

என் கணவர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வந்தவர். வயல்காரர். தங்கச்சியின் கணவர் தேற்றாத்தீவு. இரும்பு வேலை தெரிந்தவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பிளான்ட் வைத்து யன்னல் கம்பி, கேற் என்று செய்து கொடுப்பார். இவரை அவர் அண்ணன் என்பார், அவரை இவர் தம்பி என்பார். ஒரு தாய் பிள்ளைகள் போலத்தான் இருந்தார்கள்.

வாடைக்காற்றுத் தொடங்கிய ஒரு பின்னேரம் எங்கள் சாமியறைக் குண்டு பல்ப் திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தது. நான் சாமியறைக்கு அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சம்தான் போடுவேன், புது வெள்ளை பல்ப் எனக்குச் சாமிக்கு ஒத்துவராதது போல் இருக்கும். அந்த மஞ்சள் அன்று கண் கூசுகிற அளவுக்கு ஏறியது. ஃபேன் பறக்கப்போவதுபோல் சுற்றியது. பிறகு தானாக அடங்கியது. அடுத்தடுத்த நாளும் அப்படியே. டிவி ஒரு கருகல் மணத்தோடு கண்ணை மூடியது. பிரிஜ் உறுமிவிட்டு நின்றது.

கரண்ட் குறைவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. மங்கி எரிந்தால் யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. கூடி எரிவதைத்தான் நாங்கள் கண்டதில்லை. ஆகவே கூடினது மட்டும்தான் எங்கள் கண்ணில் பட்டது. இடையிடையே மங்கினதை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர்தான் முதலில் கண்டுபிடித்தார், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தார். வேலிக்கு அங்கால் வெல்டிங் நீலமாகப் பற்றி எரியும்போதெல்லாம் எங்கள் பல்பும் குப்பென்று ஏறியது. அவர் அங்கே கம்பியை எடுத்தால் இங்கே இறங்கியது.

"பாரு, பாரு! அவன் அங்க பத்த வைக்கிறான், இஞ்ச நம்மட வீடு எரியுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

"அவர் ஏன் நமக்கு அப்பிடிச் செய்யப்போறார்?"

"வயர் வேலை தெரிஞ்சவன். அவன்ட பிளான்ட்டில மிஞ்சிற கரண்ட நம்மட பக்கம் தள்ளி விடுறான். நம்மட சாமான் எரிஞ்சா அவனுக்கென்ன?"

"அப்பிடியெண்டா கரண்ட் கந்தோரில சொல்லுங்களன்."

"சொல்லலாம். வந்து பார்ப்பானுகள். வீட்டு மீட்டரில வெல்டிங் பிளான்ட் ஓடுறதையும் பார்ப்பானுகள். மறுகா அவனைப் பிடிச்சுக்கொண்டு போவானுகள், உன்ட தங்கச்சி மனுசனில்லாம இரிப்பா. சொல்லட்டா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் சந்தேகம் வாயை மூடினால் மூடுகிற சாமானில்லை. அன்றிலிருந்து நானும் கிடுகு விலகின வேலிப் பொட்டுக்குள்ளால் பார்க்கத் தொடங்கினேன். அந்த வீட்டில் புதிதாக ஒரு வயர்ச்சுருள் தொங்கினால் அது எங்கே போகிறதென்று தேடினேன். தங்கச்சி தண்ணீர் அள்ள வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் எங்கள் கூரையைப் பார்த்தாள். என் வீட்டு யன்னல் வெளிச்சத்தை ஏன் இவள் இப்படி உற்றுப் பார்க்கிறாள் என்று எனக்குள் ஓடியது. ஒரு காலையில் கிணற்றுக்கட்டில், எங்கள் பக்கமாக, குங்குமம் தடவி வெட்டின தேசிக்காய் இரண்டு பாதியாகக் கிடந்தது. நான் வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். செய்வினை என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை. மனதுக்குள் சொன்னது அம்மாளுக்குத் தெரியும்.

கதை முற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சியின் கணவர் வேலிக்கு அங்கால் நின்று, யாருக்கோ சொல்வதுபோல் உரத்துச் சொன்னார்:

"என்ட பிளான்ட்டில கம்பி ஒட்டுதில்ல. கரண்ட் செத்துப்போய் வருது. ஆனா சில பேர்ட வீட்டில பட்டப்பகல் மாதிரி வெளிச்சம்! படுவான்கரையில குப்பிலாம்பு பார்த்த ஆக்களுக்கு கண்டவன்ட கரண்டில வெளிச்சம் போடத்தான் ஆசை!"

இவர் சோற்றுக் கையோடு எழும்பினார். "தேற்றாத்தீவில இருந்து ஒரு பெட்டியோட வந்தவன் கதைக்கிறான் பாரு!"

"நீங்க என்ன கப்பல்லயா வந்த? உங்களுக்கும் ஒரு பெட்டிதான், அதுக்கும் பூட்டில்ல!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு பேரும் எங்கள் அம்மாவின் வளவில் நின்றுகொண்டு, யார் வந்தவன் என்று சண்டை பிடித்தார்கள். அன்றோடு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. என் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றார் இவர். அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருக்கவேண்டும், கிணற்றடியில் தங்கச்சி என்னைக் கண்டால் வாளியைப் பாதியில் இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

கடைசியில் சத்தியத்தில் வந்து நின்றது. எங்கள் கண்ணகி அம்மன் கோயில் வருடம் முழுவதும் பூட்டியிருக்கும். வைகாசியில் சடங்குக்கு மட்டும் கதவு திறப்பார்கள். கதவு திறக்கிற அன்று அம்மாள் முன்னால் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்து, "நான் செய்யவில்லை" என்று சொன்னால் அதுதான் தீர்ப்பு. பொய் சொன்னவனை அம்மாள் பார்த்துக்கொள்வாள். ஆனால் கற்பூரம் அணைத்த இரண்டு வீட்டாரும் அதற்குப் பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. பிள்ளைகள் காலத்திலும் அது மாறாது.

இவர் அணைக்கச் சொன்னார். அவர், "நான் அணைக்கிறன், அவரும் அணைக்கோணும், என்ட கரண்ட இழுக்கல்ல எண்டு" என்று ஆள் விட்டார். கோயிலில் சடங்கு செய்கிற கட்டாடியாரிடம் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்கள்.

எனக்குக் கூடப்பிறந்தது ஒரேயொரு தங்கச்சி. ஒரே கிணறு. கற்பூரம் அணைந்தால் அந்தக் கிணற்றுக்கு நடுவால் மதில் எழும்பும் என்பது எனக்கு விளங்கியது. இரவு படுத்தால், அம்மா சாகும்போது என் கையில் தங்கச்சியின் கையை வைத்ததுதான் நினைவில் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்த நினைவோடு கூடவே அந்தத் தேசிக்காயும் நினைவுக்கு வரும்.

நான் கண்ணகி அம்மாளைத்தான் நம்பினேன். வீட்டில் சூடு ஏறியிருக்கிறது, அதைக் குளிரவைக்கவேண்டும் என்று முடிவுகட்டினேன். எங்கள் அம்மாள் குளிர்த்தி கேட்கிற தெய்வம். சடங்கு நெருங்கினால் வீட்டில் பொரிக்கமாட்டோம், தாளிக்கமாட்டோம், மீன் இறைச்சி இல்லை. அந்த வருடம் நான் அதோடு நிற்கவில்லை. சூடு கக்குகிற எதுவும் வேண்டாம் என்று திருத்திக் கொண்டுவந்த பிரிஜ்ஜை நிப்பாட்டினேன். ஃபேன் இல்லை, ரைஸ் குக்கர் இல்லை. மீட்டர்ப் பெட்டிக்கு மேல் வேப்பிலை செருகினேன். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சாமியறைப் பல்ப் ஒன்று மட்டும் எரியவிட்டேன்.

அந்த ஒரு பல்ப் முன்னெப்போதையும்விட மோசமாக எரிந்தது. நான் குளிரவைக்கக் குளிரவைக்க அது சூடேறியது. நான் தேவாரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மாள் படத்துக்கு முன்னால் பட்டென்று வெடித்துக் கண்ணாடி சிதறியது.

"கண்டியா?" என்றார் இவர். "அம்மாளே காட்டிப்போட்டா. அவன் அங்க விடாமப் பத்த வைக்கிறான்."

அது உண்மைதான். அந்த நாட்களில் அங்கே விடாமல் நீல வெளிச்சம் தெரிந்தது. அவர் செய்துகொண்டிருந்தது கோயிலுக்கு நேர்த்தி வைத்த இரும்புக் கேற். கதவு திறப்பதற்குள் முடிக்கவேண்டும் என்று இராப்பகலாக வேலை. அது எங்களுக்குத் தெரியாது. அங்கே அவர் அம்மாளுக்காகப் பற்ற வைக்க, இங்கே நான் அம்மாளுக்காகக் குளிரவைக்க, எங்கள் வீட்டுப் பல்ப் வெடித்தது.

கதவு திறக்கிற நாள் வந்தது. பொழுதுபட்டதும் கோயிலில் நிற்கவேண்டும். இவர் வாவியில் குளிக்கப் போய்விட்டார். சத்தியத்துக்குத் துவைத்த வேட்டிதான் கட்டவேண்டும். நான் சாமியறையில் புது பல்ப் ஒன்றைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே பாயை விரித்து, வேட்டியை அயன் பண்ண உட்கார்ந்தேன். கண்ணீர் வேட்டியில் விழுந்தது, அதன் மேலேயே அயனைத் தேய்த்தேன்.

காற்று இரைந்துகொண்டிருந்தது. பல்ப் கூசக்கூச எரிந்தது. அயனைப் போட்டதும் சட்டென்று மங்கிச் சிவந்தது. வேலிக்கு அங்கால் தங்கச்சி, "ஐயோ, ஏறுது! ஏறுது!" என்று அலறினாள்.

அயன் சூடாகி, அதிலுள்ள சின்னச் சிவப்பு வெளிச்சம் தானாக அணைந்தது. அணைந்த அந்த நொடி என் பல்ப் குப்பென்று ஏறியது. அங்கால் சத்தம் நின்றது.

நான் கையை எடுத்தேன். அயன் ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு வெளிச்சம் திரும்ப வந்தது. என் பல்ப் மங்கியது. அங்கால் திரும்பவும், "அம்மாளே!" என்ற சத்தம்.

இங்கே மங்கினால் அங்கே ஏறுகிறது! அயனைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். அவளும் ஓடிவந்து நின்றாள். மாதக்கணக்காகக் கதைக்காத நாங்கள் கிணற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம்.

"இப்ப என்னகா போட்ட நீ?" என்று அவள்தான் கேட்டாள். குரலில் கோபம்.

"அயன். நீ?"

"நானும் அயன்தான் எடுத்து வெச்சன். போட முந்தியே லைட் வெடிக்கப் பாக்குது."

"ஆருக்கு அயன்?"

"அவர்ட வேட்டி." அவள் வாய் கோணியது. "சத்தியத்துக்கு."

நான் கிணற்றுக்கட்டைப் பார்த்தேன். பிறகு அந்தத் தேசிக்காயைப் பற்றிக் கேட்டேன்.

"அது எங்கட வீட்டுக்குக் கண்ணூறு கழிச்சது! நீங்கதான் என்னவோ செய்யிறீங்க எண்டு பயத்தில வெட்டிப் போட்ட. காகம் இழுத்திட்டுதாக்கும், இல்லாட்டி உன்ட பக்கம் ஏன்கா வந்து கிடக்கும்?" என்றவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அப்ப உங்கட வீட்டிலயும் கூடுதா?"

"கூடுதாவோ! டிவி, பிரிஜ், பல்ப் எல்லாம் போயிற்று."

"எங்கடயும் டிவி போயிற்று. நீங்க பாத்துச் சிரிப்பீங்க எண்டு சொல்லாம வெச்சிரிக்கம்."

அவரவர் வீட்டுக்கு ஓடினோம். நான் அயனைப் போட்டுவிட்டுக் கத்தினேன், அவள் அங்கிருந்து "ஏறுது" என்றாள். நான் நிப்பாட்ட, அவள் போட்டாள். எனக்கு ஏறியது, அவளுக்கு மங்கியது. ஒரு பலகையின் இரண்டு நுனியில் இரண்டு பிள்ளைகள் இருந்து ஆடுவது போல.

ஆண்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார்கள், ஒருவர் முன்னாலும் ஒருவர் நெடுந்தூரம் பின்னாலும். நாங்கள் சொன்னதும் இவருக்கு முகம் இறுகியது.

"அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து எங்களைப் பேயனாக்கிறீங்களா? அவன் அங்க நிண்டு என்னத்தைத் தட்டுறான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அங்கால் நின்றவரும் விடவில்லை. "அதைத்தான் நானும் கேக்கிறன். அவர் அங்க நிண்டு என்னத்தை இழுக்கிறார் எண்டு நான் கண்டனா?"

"அப்ப நீங்க எங்கட வீட்டுக்கு வாங்க அத்தான்," என்றாள் தங்கச்சி. "இவர் அக்கா வீட்ட போகட்டும். ரெண்டு பேரும் மற்றவர்ட வீட்டில நிண்டு பாருங்க. மறுகா ஆரை ஆரு சொல்லப்போறீங்க?"

அப்படித்தான் செய்தோம். இவர் கிணற்றடியால் அந்த வீட்டுக்குப் போனார். அவர் என் வீட்டுச் சாமியறை வாசலில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, எங்கே மறைவில் வயர் போகிறதென்று நாலு சுவரையும் பார்த்தபடி நின்றார். நான் அயனைப் போட்டேன். என் பல்ப் மங்கியது. வேலிக்கு அங்கால் என் கணவரின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது:

"டேய் தம்பி! இஞ்சயும் கூடுதுடா! உன்ட வீடு எரியப்போகுது, நிப்பாட்டச் சொல்லு!"

என் முன்னால் நின்றவரின் கட்டின கை தானாக அவிழ்ந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தத் தம்பி என்ற சொல்! அவர் என்னைப் பார்க்காமல், "அண்ணன், நிப்பாட்டியாச்சு, நிப்பாட்டியாச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

அவருக்கே பிறகு விளங்கியது, இது எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் இல்லை, வெளிக் கம்பியில்தான் பிழை என்று. இரண்டு வீட்டு மெயின் சுவிச்சையும் இறக்கினார்கள். கரண்ட் கந்தோருக்கு என் கணவர்தான் போன் பண்ணினார், அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். அன்றிரவு இரண்டு வீட்டிலும் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு, பாதி அயன் பண்ணின வேட்டிகளோடு எல்லாருமாகக் கோயிலுக்கு நடந்தோம்.

அம்மாளின் கதவு திறந்தது. சனம் நெருக்கியது. சத்தியத்தைப் பார்க்கவே வந்த சனமும் இருந்தது. கட்டாடியார் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு, "அணைக்க வந்த ஆக்கள் முன்னுக்கு வாங்க" என்றார்.

இருவரும் போய் நின்றார்கள். என் கணவர் கைகூப்பி, "அணைக்க ஒண்டும் இல்ல, கட்டாடியார். அது எரியட்டும்" என்றார்.

கட்டாடியார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நேற்று வரைக்கும் நிண்டு துள்ளின நீங்க. அப்ப ஆருடா கள்ளன்?"

"இன்னும் தெரியா," என்றார் தங்கச்சியின் கணவர். "ஆனா நாங்க ரெண்டு பேரும் இல்ல."

சனத்துக்கு அது பிடிக்கவில்லை. என்னவோ மறைக்கிறார்கள் என்று பின்னால் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. கற்பூரம் தானாக எரிந்து, தானாக முடிந்தது. தங்கச்சி என் சீலைத் தலைப்பைச் சின்னப்பிள்ளை போலப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கரண்ட் கந்தோரிலிருந்து வந்தவர்கள் எங்கள் வீடுகளுக்கு முன்னால் நிற்கிற கரண்ட் தூணில் ஏறிப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கரண்ட் வருவது வேறு வேறு கம்பியில், திரும்பிப் போவது ஒரே பொதுக் கம்பியிலாம், அதை நியூட்ரல் என்று சொன்னார்கள். உப்புக் காற்று அதைத் தூணில் இணைக்கிற பூட்டை அரித்து, ஒரு நார் அளவில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. காற்றில் அது விட்டுவிட்டால் இரண்டு வீடும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும், எந்த வீட்டில் பாவிப்புக் கூடவோ அங்கே வோல்டேஜ் இறங்கும், எந்த வீட்டில் குறைவோ அங்கே ஏறும் என்றார்கள். நான் எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டு ஒரு பல்பை மட்டும் எரியவிட்டது ஏன் அப்படி வெடித்தது என்று அப்போதுதான் விளங்கியது. பூட்டை மாற்றினார்கள். வெல்டிங் பிளான்ட்டுக்கு முறையாகத் தனி மீட்டர் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் எடுத்தார்.

என் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் பல்ப் கொஞ்சம் ஏறினால் கண் வேலிப் பக்கம் திரும்புகிறது. ஆனால் வேலிப் பொட்டுக்குப் போவதில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், "அங்க எப்பிடிகா?" என்று கேட்கிறேன்.

ஊரில் இந்தக் கதை பல மாதிரி நடக்கிறது. அம்மாள் கண் திறந்து பல்பை வெடிக்கவைத்தாள் என்று சிலர். தேற்றாத்தீவு மனுசன் தூணில் ஏறிப் பிடிபட்டார் என்று சிலர். தேசிக்காயை மட்டும் பிடித்துக்கொண்டு கதைக்கிறவர்களும் உண்டு. அம்மாள் தன் கதவை வைகாசி வரைக்கும் பூட்டி வைத்திருந்தது எங்களுக்கு அவகாசம் தரத்தான் என்று நான் நம்புகிறேன். அது என் நம்பிக்கை. நடந்தது மேலே எழுதியது. இரண்டையும் நான் கலக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் சம்பந்தம் பேசப் போகிற இடத்திலோ, செத்தவீட்டிலோ, சந்தையிலோ எங்கள் கதை வந்தால் இதை இப்படியே சொல்லுங்கள். எனக்காக அம்மாளைக் கூட்டிச் சொல்லவேண்டாம், தங்கச்சியின் கணவருக்காக இரக்கப்பட்டுக் குறைத்தும் சொல்லவேண்டாம். இரண்டு வீட்டிலும் ஏறியது, இரண்டு வீட்டிலும் மங்கியது, கற்பூரத்தை ஒருவரும் அணைக்கவில்லை. எங்கள் பிள்ளை கழுத்தில் தாலி ஏற இவ்வளவு போதும்.